காருக்கு ஒரு கணக்கு, பிசானத்துக்கு ஒரு கணக்கு

பழவூர் அணையில் பிரிந்து வரும் பாளையங்கால்வாயின் கரையில், மேலப்பாளையம் தாண்டி நின்று வயல்களைப் பாருங்கள். ஒரே ஆற்றுத் தண்ணீர்தான். பல வயல்களில் ஒரே ரகம்கூட, 1937-ல் தொடங்கிய அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் தந்த அம்பை 16. ஆனாலும் ஒரு வயல் கிளிப்பச்சையாக நிற்கும், அடுத்தது கருத்துக் கிடக்கும். கருத்த பயிரைப் பார்த்துத்தான் நாம் "என்ன செழிப்பு" என்கிறோம். மார்கழிப் பனியில் குலைநோய் முதலில் இறங்குவது அதில்தான். புகையான் அடை கட்டுவதும், அறுப்புக்கு முன் தரையோடு சாய்வதும் அதுதான். தழைச்சத்து குறைந்தால் தூர் கட்டாது, கூடினால் நெல் மணியாகாமல் வைக்கோலாகும். எந்த உரத்தை, எப்போது, எவ்வளவு என்பதை வயல்வாரியாகத்தான் முடிவு செய்ய வேண்டும்.

போட்ட யூரியா எங்கே போகிறது என்பது தெரிந்தால் தேர்வு பாதி முடிந்தது. வடக்கே கோதுமைக்கு விதைத்து 21-ம் நாள் வாக்கில், முதல் பாசனத்தை ஒட்டி யூரியா போடுவார்கள். அது காற்றோட்டமுள்ள மண். நம்முடையது தொழியடித்த சேறு, மேலே தண்ணீர் நிற்கிறது. யூரியா கரைந்து அம்மோனியமாகிறது. வெயிலில் பாசி வேலை செய்யச் செய்ய நடுப்பகலில் வயல் தண்ணீரின் காரத்தன்மை ஏறி, அம்மோனியம் வாயுவாகக் கிளம்பிவிடும். மிஞ்சியதில் ஒரு பங்கு, வயல் காய்ந்து நனைந்து காய்ந்து நனையும்போது நைட்ரேட்டாக மாறி, சேற்றுக்குள் மறுபடி வாயுவாகித் தொலைகிறது. நெல் வயலில் போடும் யூரியாவில் பயிர் எடுத்துக்கொள்வது பொதுவாக 30 முதல் 40 சதவீதம்தான்.

இதில் காருக்கும் பிசானத்துக்கும் வழி வேறு. கார் பருவம் ஆனி, ஆடிக் காற்றும் வெயிலும். அப்போது இழப்பு மேலே போகிறது. தண்ணீரை வடித்து, சேறு தெரியும் அளவில் வைத்து, சாயங்காலம் வீசி, மறுநாள் மெல்லத் தண்ணீர் கட்டுங்கள். பிசானத்தில் ஐப்பசி, கார்த்திகை மழை. அப்போது இழப்பு வரப்பைத் தாண்டி ஓடுகிறது. மேகம் கறுத்திருக்கும் நாளில் மூட்டையைப் பிரிக்க வேண்டாம். நான்கு நாள் தள்ளிப் போட்டதால் பயிர் செத்துவிடாது. போட்ட அன்று இரவே மடை உடைந்தால் பணம் வாய்க்காலோடு போய்விடும்.

இனி எதைத் தேர்வது என்ற கேள்வி. யூரியா ஒன்றையே நம்பினால் கணக்கு எளிது. குறுகிய கால நெல்லுக்கு நம் பகுதிக்கான பொதுப் பரிந்துரை எக்டேருக்கு 120 கிலோ தழைச்சத்து. யூரியாவில் தழைச்சத்து 46 சதவீதம் என்பதால் ஏக்கருக்குச் சுமார் 105 கிலோ வரும், அதாவது 45 கிலோ மூட்டையில் இரண்டேகால் மூட்டைக்குச் சற்று மேல். அதை நான்காகப் பிரித்து நடவு, தூர் கட்டும் பருவம், கதிர் உருவாகும் பருவம், பூக்கும் தருணம் என்று தவணைக்கு 26 கிலோ. டிஏபி ஒரு மூட்டை போட்டிருந்தால் அதிலேயே 9 கிலோ தழைச்சத்து இருக்கிறது, அதைக் கழிக்க வேண்டும். கழிக்காமல் போடுவதுதான் நம்மிடம் மிகப் பரவலான தவறு.

நான் தேர்வது குழையும் குறைந்த யூரியாவும் சேர்ந்த வழி. இந்த மண்ணில் குழை மிதிப்பது புதிதல்ல. பூவரசு, வேம்பு, ஆவாரை, கொளுஞ்சி என்று வெட்டிவந்து சேற்றில் மிதித்த தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கிறது. இன்று வெட்ட ஆளில்லை, அதனால் வயலிலேயே வளர்க்க வேண்டும். பிசானம் அறுத்ததிலிருந்து காருக்குத் தண்ணீர் வரும்வரை வயல் சும்மாதான் கிடக்கிறது. கிணறோ கோடை மழையோ கைகொடுக்கும் இடத்தில் தக்கைப்பூண்டு. ஏக்கருக்கு 20 கிலோ விதை, 40 முதல் 45 நாளில் பூக்கும் முன் மடக்கி உழுதுவிட வேண்டும். தண்ணீரே இல்லையென்றால் கொளுஞ்சி. மெதுவாக வளரும், ஆனால் அறுவடை ஈரத்திலேயே முளைத்து வெயிலைத் தாங்கும், மாடு கடிக்காது. விதைத்தோல் கெட்டி, மணலோடு தேய்த்து விதைத்தால்தான் நன்றாக முளைக்கும். இரண்டில் எது நன்றாக விளைந்து மடக்கியிருந்தாலும் நடவு நேரத்து யூரியாவை விட்டுவிடலாம். மடக்கியதும் நடாமல் ஒரு வாரம் அழுக விடுங்கள்.

நானோ யூரியா பற்றிக் கேட்காதவர் இல்லை. 2021-ல் இஃப்கோ கொண்டுவந்த அரை லிட்டர் பாட்டிலில் தழைச்சத்து 4 சதவீதம், அதாவது 20 கிராம். பின்னால் வந்த 20 சதவீதப் பாட்டிலிலும் 100 கிராம்தான். ஒரு மூட்டை யூரியாவில் இருப்பதோ 20 கிலோவுக்கு மேல். பாட்டில் மூட்டைக்கு ஈடு என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. வேருக்கு எடுக்க முடியாத நேரத்தில் இலைவழித் தெளிப்பாக வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்.

நாள் கணக்கா, பயிரின் நிறமா என்றால் தயங்காமல் நிறத்தைச் சொல்வேன். இலை வண்ண அட்டை விலை குறைந்த பிளாஸ்டிக் பட்டைதான். நட்ட 14-ம் நாளிலிருந்து வாரம் ஒருமுறை, காலை 8 முதல் 10 மணிக்குள், உங்கள் நிழல் விழ நின்று, முழுதாக விரிந்த மேல் இலையை அட்டையில் வைத்துப் பாருங்கள். பத்து இலையில் ஆறு 4-ம் எண்ணுக்குக் கீழே இருந்தால் மட்டும் அடுத்த தவணை. வெள்ளைப் பொன்னிக்கு எண் 3. ஒரே ஆள் பார்க்க வேண்டும், ஆள் மாறினால் கண் மாறும். ஒன்றை மறக்க வேண்டாம்: எல்லா மஞ்சளும் தழைச்சத்துக் குறை அல்ல. முதிர்ந்த இலையில் தொடங்கி மேலேறினால் தழைச்சத்து. துருப் பிடித்தாற்போல் புள்ளி விழுந்தால் துத்தநாகம். அதற்கு யூரியா மருந்தல்ல, ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட்தான்.

மண் பரிசோதனையைப் பிசானம் அறுத்த கையோடு செய்யுங்கள். வரப்போரம், மரநிழல், எருக்குவியல் விட்டு, 10, 15 இடத்தில் 'வி' வடிவில் 15 செ.மீ. ஆழத்துக்கு வெட்டி, கலந்து, அரைக்கிலோ கொடுத்தால் போதும்.

மேலப்பாளையத்துக்குக் கீழே உள்ளவர்களுக்குத் தனியாக ஒன்று. ஊர்ச் சாக்கடை கலந்த கால்வாய்த் தண்ணீர் பாயும் வயலுக்கு, கேட்காமலே தழைச்சத்து வந்து சேர்கிறது. அந்தத் தண்ணீர் வரவே கூடாது என்பது வேறு போராட்டம், அதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். ஆனால் வந்துகொண்டிருக்கும் வரை, மேல்மடைக்காரர் போடும் அளவை நீங்கள் போடாதீர்கள். நம்ப முடியவில்லையென்றால் இந்தப் பிசானத்தில் ஒரே ஒரு வயலுக்குக் கடைசித் தவணையை நிறுத்திப் பாருங்கள். அறுத்ததும் அந்த வயல் நெல்லைத் தனியாகத் தூற்றி, பக்கத்து வயல் நெல்லோடு சேர்க்காமல் எடை போடுங்கள்.