இளையர்களின் கச்சேரி மேடை

வார இறுதி நாளில் ஃபேரர் பார்க் பெருவிரைவு ரயில் நிலையத்தின் வாயிலில் சற்று நேரம் நின்று பாருங்கள். காய்கறிப் பைகளுடன் செல்வோருக்கு நடுவே வயலின் பெட்டியைத் தோளில் மாட்டிய மாணவர்கள் நடந்து செல்வார்கள். உறையிட்ட மிருதங்கத்தைத் தந்தை தூக்கிக்கொள்ள, அவர் பின்னால் ஓடும் சிறுவனையும் பார்க்கலாம். அவர்களில் பலர் ஸ்டார்லைட் சாலையிலுள்ள சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகத்தில் இசை கற்பவர்கள். ‘சிஃபாஸ்’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் இக்கழகம் 1949ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது.

வகுப்பில் இசை கற்போர் பலர். ஆனால் ஒருவர் பாட, மற்றொருவர் வயலின் வாசிக்க, இன்னொருவர் மிருதங்கம் வாசிக்க, அறிமுகமில்லாதவர்கள் எதிரே அமர்ந்து கேட்கும் மேடையில் ஏறும் வாய்ப்பு அவர்களில் எத்தனை பேருக்குக் கிடைக்கிறது? இளையர்களுக்கான இசை விழாக்கள் தோன்றியதற்கு இந்தக் கேள்வியும் ஒரு காரணம்.

மேற்கத்திய இசையில் ‘அறையிசை’ என்று ஒரு வகை உண்டு. பெரிய மண்டபத்திற்காக அன்றி, வீட்டின் ஓர் அறையில் சிலர் கூடி வாசிப்பதற்காகப் பிறந்தது அது. இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ ஆகிய நான்கு கருவிகள் சேர்ந்த நால்வர் குழு இதில் புகழ்பெற்றது. ஹேடன் என்ற இசையமைப்பாளர் மட்டும் இத்தகைய குழுவுக்காக 60க்கும் மேற்பட்ட படைப்புகளை எழுதினார். சிங்கப்பூரிலும் 1992இல் நான்கு இளைஞர்கள் சேர்ந்து ‘டாங் குவார்டெட்’ என்ற குழுவைத் தொடங்கினார்கள். இத்தகைய குழுவில் கோல் பிடித்து வழிநடத்துபவர் கிடையாது. ஒருவர் வாசிப்பதை மற்றவர்கள் கேட்டுக் கேட்டுத்தான் இசை நகரும்.

நம் கர்நாடக இசைக் கச்சேரியும் ஏறக்குறைய அப்படித்தான். பாடகர், வயலின், மிருதங்கம், சில வேளைகளில் கடம் அல்லது கஞ்சிரா, பின்னணியில் தம்புரா. அவ்வளவே. வயலின்கூட ஐரோப்பாவிலிருந்து வந்த கருவிதான். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் சுமார் 200 ஆண்டுகளுக்கு முன்பு அதைக் கற்றுக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தார். இன்று வயலின் இல்லாத கச்சேரியைக் காண்பது அரிது.

வீட்டில் தனியாகப் பயிற்சி செய்யும் மாணவருக்குச் சுருதிப் பெட்டி துணை. திறன்பேசியில் தாளம் காட்டும் செயலியும் உண்டு. ஆனால் பாடகர் தவறினால் செயலி அவருக்காகக் காத்திருக்காது. அவர் புதிதாக ஒன்றைப் பாடினால் மகிழ்ந்து தலையசைக்கவும் செய்யாது. மேடையில் நிலைமை வேறு. பாடகர் ஒரு ராகத்தை விரித்துப் பாடும்போது வயலின் கலைஞர் நிழல்போல் பின்தொடர்கிறார். அடுத்து அதே ராகத்தைத் தாம் வாசித்துப் பதில் சொல்கிறார். பாடகர் என்ன பாடுவார் என்பது அவருக்கு முன்கூட்டியே தெரியாது. பாடகருக்கே பல நேரங்களில் தெரியாது!

இந்த ஒற்றுமைக்குக் கடினமான சோதனை ‘தனி ஆவர்த்தனம்’. கச்சேரியின் முக்கியப் பாடலுக்குப் பிறகு பாடகரும் வயலின் கலைஞரும் நிறுத்திக்கொள்வார்கள். தாள வாத்தியங்கள் மட்டும் ஒலிக்கும். மிருதங்கம் ஒரு சுற்று வாசிக்க, கடம் அதற்குப் பதில் தரும். சுற்றுகள் வரவரச் சுருங்கி, கடைசியில் இரண்டும் ஒன்றாக இணையும். அதுவரை பாடகர் சும்மா இருக்க முடியாது. கையால் தாளம் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆதி தாளம் என்றால் ஓர் ஆவர்த்தனத்திற்கு 8 எண்ணிக்கைகள்: ஒரு தட்டு, மூன்று விரல்கள், பிறகு தட்டும் வீச்சும் இரண்டு முறை. மிருதங்கம் எவ்வளவு சிக்கலான கணக்கில் புகுந்தாலும் கை மாறக்கூடாது. முடிவில் ஒரு கோர்வை மூன்று முறை ஒலிக்கும். அது முடியும் அதே நொடியில் பாடகர் பாட்டின் வரியைச் சரியான இடத்தில் எடுக்க வேண்டும். அரை எண்ணிக்கை தவறினால்கூடத் தாளம் போட்டுக்கொண்டிருக்கும் ரசிகர்களுக்குத் தெரிந்துவிடும். பதினான்கு வயது மாணவி ஒருத்திக்கு இது எவ்வளவு அச்சத்தைத் தரும் என்பதை எண்ணிப் பாருங்கள். அந்த அச்சத்தை வகுப்பறையில் போக்க இயலாது. மேடையில் ஏறித்தான் போக்க வேண்டும்.

சிங்கப்பூரில் அத்தகைய மேடைகள் மெல்ல மெல்லத்தான் உருவாயின. பள்ளி மாணவர்களுக்காகச் சிங்கப்பூர் இளையர் விழா 1967இல் தொடங்கியது. அது எல்லா இனத்தாரின் கலைகளுக்கும் உரியது. அங்குப் பெரும்பாலும் பெரிய குழுக்களே மேடையேறும். 2002 அக்டோபரில் எஸ்பிளனேட் கலையரங்கம் திறக்கப்பட்டது. அதே ஆண்டில் ‘கலா உத்சவம்’ என்ற இந்தியக் கலை விழாவும் அங்குத் தொடங்கியது. அடுத்த ஆண்டு, அதாவது 2003இல், சிஃபாஸ் தனது இந்தியச் செவ்வியல் இசை, நடன விழாவைத் தொடங்கியது. இந்தியாவின் மூத்த கலைஞர்களுடன் உள்ளூர்க் கலைஞர்களும் இதில் பங்கேற்கிறார்கள்.

எஸ்பிளனேட் என்றதும் சுமார் 1,600 இருக்கைகள் கொண்ட இசை மண்டபமே பலரின் நினைவுக்கு வரும். அதே கட்டடத்தில் 245 பேர் மட்டும் அமரக்கூடிய சிறிய இசைக்கூடமும் இருக்கிறது. நான்கு பேர் வாசிக்கும் கச்சேரிக்கு அந்தச் சிறிய கூடமே பொருத்தமானது. அங்குக் கடைசி வரிசையில் இருப்பவர்கூட வயலின் கலைஞரும் பாடகரும் கண்ணாலேயே பேசிக்கொள்வதைக் காண முடியும்.

கடல் கடந்து சென்ற தமிழர்கள் வேறு இடங்களிலும் இப்படி மேடை அமைத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் 1978ஆம் ஆண்டு ஒரு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் சுமார் 75 பேர் கூடித் தியாகராஜர் ஆராதனையைக் கொண்டாடினார்கள். இன்று அது பத்து நாள்களுக்கும் மேல் நடக்கும் பெருவிழா. இளையர்களுக்கான போட்டிகள் அதன் முக்கியப் பகுதி. பல மாணவர்கள் சென்னையில் இருக்கும் ஆசிரியர்களிடம் இணையம்வழிப் பாடம் கற்கிறார்கள். ஆனாலும் விழாவிற்கு நேரில் வந்து ஒன்றாக அமர்ந்தே பாடுகிறார்கள்.

நேரில் அமர்வது ஏன் அவ்வளவு முக்கியம் என்பதை 2020ஆம் ஆண்டு உணர்த்தியது. கொவிட்-19 கிருமித்தொற்றால் அவ்வாண்டு சிங்கப்பூரில் பள்ளிகளும் அரங்குகளும் மூடப்பட்டன. இசை வகுப்புகள் கணினித் திரைக்கு மாறின. ஆசிரியர் பாட, மாணவர் திருப்பிப் பாடுவதற்கு அது போதுமானதாக இருந்தது. சேர்ந்து வாசிக்கத்தான் முடியவில்லை. இணையத்தில் ஒலி சென்று சேரச் சற்றே தாமதமாகும். பேச்சில் அது பெரிதாகத் தெரியாது. தாளத்தில் உடனே தெரிந்துவிடும். பாடகர் ‘தட்டு’ போடும்போது மறுமுனையில் மிருதங்கம் இன்னும் முந்தைய எண்ணிக்கையிலேயே இருக்கும்.

அதற்கு ஒரு மாற்றுவழியை இசைக் கலைஞர்கள் பின்பற்றினார்கள். முதலில் பாடகர் பாடிப் பதிவு செய்வார். அதைக் கேட்டு வயலின் கலைஞர் தம் பகுதியைச் சேர்ப்பார். பிறகு மிருதங்கம். எல்லாவற்றையும் இணைத்தால் காணொளியில் அழகான கச்சேரி தயார். பிழையே இருக்காது. ஆனால் வயலின் சொன்ன பதிலைப் பாடகர் கேட்டுப் பாடியிருக்க வழியில்லை, ஏனெனில் அவர் முன்பே பாடி முடித்துவிட்டார்.

கிருமித்தொற்று நீங்கி அரங்குகள் திறந்துவிட்டன. இருப்பினும் இளம் கலைஞர்களுக்கு வேறு தடைகள் உள்ளன. தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வு நெருங்கும்போது சிலர் இசை வகுப்பை ‘தற்காலிகமாக’ நிறுத்துகிறார்கள். உயர்நிலை நான்கில் மேலும் சிலர் விலகுகிறார்கள். ஒருவர் விலகினால் அவருடைய இசை மட்டும் நிற்பதில்லை. நால்வர் குழுவில் மிருதங்கம் வாசிப்பவர் போய்விட்டால் மற்ற மூவரும் இன்னொருவரைத் தேட வேண்டும். பாட்டும் நடனமும் கற்கும் பிள்ளைகளோடு ஒப்பிட்டால் கடம், கஞ்சிரா கற்பவர்கள் குறைவு.

கேட்போரைத் தக்கவைப்பதும் எளிதன்று. மாணவர் கச்சேரிகளில் தம் பிள்ளையின் பாட்டு முடிந்ததும் குடும்பத்தோடு எழுந்து செல்வோர் உண்டு. இரவு உணவு, மறுநாள் துணைப்பாட வகுப்பு என்று அவர்களுக்கும் காரணங்கள் இருக்கும். கடைசிக் குழு மேடைக்கு வரும்போது பாதி நாற்காலிகள் காலியாகிவிடும். அந்தக் குழுவின் மிருதங்க மாணவரும் தனி ஆவர்த்தனம் வாசிக்கத்தான் வேண்டும். முன்வரிசையில் எஞ்சியிருக்கும் ஒருவர் மடியில் தாளம் போடத் தொடங்கினால், அவர் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே வாசிப்பார்.