மவுஸைத் தொடாமல் விலைப்பட்டியல் திருத்துவோம்

கணினியில் விலைப்பட்டியல் வைத்திருக்கும் திருகோணமலைத் துறைமுகப் பகுதி வியாபாரிகளுக்கு ஒரு சிறு பாடம்.

‘விம்’ என்பது பாத்திரம் கழுவும் சவர்க்காரம் மட்டுமல்ல. நெதர்லாந்தின் பிராம் மூலனார் 1991இல் வெளியிட்ட எழுத்துத் திருத்தியின் பெயரும் அதுவே. அது இலவசம். விரும்பினால் உகண்டாவின் ஏழைச் சிறுவர்களுக்கு உதவுங்கள் என்று மட்டுமே அவர் கேட்டார்.

250 ரூபாச் சாமான்கள் 275 ஆகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒரே கட்டளையில் யாவற்றையும் மாற்றினால் ‘250 கிராம்’ தேயிலையும் 275 கிராமாகிவிடும். 1250 ரூபா 1275 ஆகிவிடும். நட்டமும் நமக்கே, கெட்ட பெயரும் நமக்கே.

ஆகவே ஒரு 250 மீது நின்று நட்சத்திரக் குறியை அழுத்துங்கள். அடுத்த 250க்குத் தாவும், 1250ஐத் தொடாது. அது கிராமானால் ‘என்’ விசையை அழுத்தி அடுத்ததற்குச் செல்லுங்கள். விலையானால் ‘சி’, ‘டபிள்யூ’ அழுத்தி, 275 என எழுதி, ‘எஸ்கேப்’ அழுத்துங்கள். இனி ஒவ்வொரு விலைக்கும் ‘என்’ அழுத்திச் சென்று, ஒரு முற்றுப்புள்ளி வைத்தால் போதும். அதே திருத்தம் தானாக நடக்கும். பிழைத்தால் ‘யு’ அழுத்துங்கள், பழையபடி ஆகும். முக்காற்புள்ளி, ‘டபிள்யூ’, ‘என்டர்’ அழுத்தினால் சேமிக்கும்.

ஆரம்பத்தில் கை தடுமாறும். பட்டியலின் பிரதியொன்றில் பழகுங்கள். கை வேகமானாலும் ஒவ்வொரு விலையையும் கண் பார்க்கட்டும்.