லீவு எடுக்காத ஆபீசர்

பாங்கில் லீவே போடாத ஓர் ஆபீசரைப் பார்த்தால், அடுத்த நாவலுக்கு ஆள் கிடைத்துவிட்டார் என்று எனக்குத் தோன்றும். உழைப்பாளி, பொறுப்பானவர் என்று கிளை முழுக்கப் பெயர் எடுத்திருப்பார். மகள் கல்யாணம் முடிந்த கையோடு சீட்டில் வந்து உட்கார்ந்திருப்பார். ஓய்வு பெறும்வரை நான் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருந்தவன். மேனேஜர் அப்படிப்பட்டவரைப் புகழப் புகழ, அவருடைய மேஜை டிராயரைத் திறந்து பார்க்க எங்களுக்குக் கை பரபரக்கும். அவர் ஒரு வாரம் வராவிட்டால் அந்த இடத்தில் வேறொருவர் உட்காருவார். வந்தவர் சும்மா இருக்கமாட்டார், ஏதாவது கேட்பார்.

பஞ்சாப் நேஷனல் வங்கி விவகாரம் வெடித்தது இப்படித்தான். மும்பை பிராடி ஹவுஸ் கிளையில் பல வருஷம் இருந்த துணை மேலாளர் 2017இல் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். 2018 ஜனவரியில் வைர வியாபாரி நீரவ் மோடி தரப்பு நிறுவனத்தார் வழக்கம்போல உத்தரவாதக் கடிதம் கேட்டு வந்தார்கள். சீட்டில் இருந்தவர்கள் நூறு சதவீதம் ரொக்க மார்ஜின் கட்டச் சொன்னார்கள். இதுவரை மார்ஜின் இல்லாமல்தானே வாங்கிக்கொண்டிருந்தோம் என்று பதில் வந்தது. அந்தப் பதிலில்தான் முடிச்சு அவிழ்ந்தது. கணக்கைப் புரட்டினால் பழைய கடிதங்களுக்குப் பதிவே இல்லை. வங்கிகள் தங்களுக்குள் செய்தி அனுப்பும் ஸ்விஃப்ட்டில் செய்தி மட்டும் வெளிநாட்டுக்குப் போயிருக்கிறது. வங்கியின் சொந்தக் கணக்கு மென்பொருளோடு ஸ்விஃப்ட்டுக்கு அப்போது இணைப்பு இருக்கவில்லை. தொகை 11,000 கோடி ரூபாய்க்கு மேல். துப்பாக்கி இல்லை, துரத்தல் இல்லை. கவுன்டரில் ஒருவர் விதிப்படி ஒரு கேள்வி கேட்டார், அவ்வளவுதான்.

முக்கியமான இடங்களில் இருப்பவர்களை வருஷத்தில் சில நாள், முன்கூட்டிச் சொல்லாமல், கட்டாய விடுப்பில் அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. நிதி உலகத்து சஸ்பென்ஸ் எழுத வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: மூன்றாம் அத்தியாயத்தில் உங்கள் வில்லனை லீவில் அனுப்புங்கள். குடும்பத்தோடு கொடைக்கானலில் இருக்கட்டும். போனில் சிக்னல் வந்து வந்து போகட்டும்.

கோடிகளைக் கூட்டிக்கொண்டே போனால் கதை சூடேறும் என்று பலர் நினைக்கிறார்கள். 500 கோடி என்றாலும் 5,000 கோடி என்றாலும் வாசகருக்கு ஒன்றுதான். இரண்டையும் அவர் கண்ணால் பார்த்ததில்லை. தேதி அப்படியில்லை. எந்தத் தேதிக்கு எந்தக் காகிதம் திரும்பி வரும், அன்றைக்கு யார் வாயைத் திறக்க வேண்டியிருக்கும் என்பது தெரிந்துவிட்டால் வாசகர் புத்தகத்தைக் கீழே வைக்கமாட்டார்.

1992 ஹர்ஷத் மேத்தா விவகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது வங்கிகளுக்குள் ரெடி ஃபார்வர்டு என்றொரு ஏற்பாடு இருந்தது. ஒரு வங்கி அரசுக் கடன் பத்திரத்தை இன்னொரு வங்கிக்கு விற்கும். பதினைந்து நாள் போல ஒரு கெடு வைத்து, கொஞ்சம் கூடுதல் விலைக்குத் திரும்ப வாங்கிக்கொள்ளும். பெயருக்கு விற்பனை, உள்ளுக்குள் கைமாற்று. பத்திரம் இடம் மாறாது. பத்திரம் எங்களிடம் இருக்கிறது என்று ஒரு ரசீது மட்டும் மாறும். பாங்க் ரசீது, சுருக்கமாக பி.ஆர். என்பார்கள். பாங்க் ஆஃப் கராட் மாதிரி சின்ன வங்கிகள் பத்திரமே இல்லாமல் இந்த ரசீதைக் கொடுத்தன. நடுவில் இருந்த புரோக்கர் மேத்தாவின் கணக்கில் காசோலை வரவாகி, பணம் பங்குச் சந்தைக்குப் போயிற்று. 1992 ஏப்ரல் 23ஆம் தேதி டைம்ஸ் ஆஃப் இந்தியாவில் சுசேதா தலால் எழுதிய பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது.

இதை நாவலில் எப்படி விளக்குவது? மேலே நான் எழுதியதுபோல எழுதினால் வாசகர் கொட்டாவி விடுவார். கட்டுரைக்கு அது போதும், கதைக்கு ஆகாது. கதையில் இரண்டு பேரைச் சண்டை போட விட வேண்டும்.

"சார், இந்த பி.ஆர்.க்குப் பின்னால பத்திரம் எங்க சார்?"

"வரும்ப்பா."

"எப்ப சார்?"

"நீ சர்வீஸ்ல சேர்ந்து எவ்வளவு நாள் ஆச்சு?"

"ஆறு மாசம் சார்."

"எனக்கு இருபத்தாறு வருஷம். கையெழுத்தைப் போட்டுட்டு டீ சாப்பிடப் போ."

பி.ஆர். என்றால் என்னவென்று இங்கே யாரும் பாடம் எடுக்கவில்லை. அதற்குப் பின்னால் ஏதோ இருந்தாக வேண்டும், இல்லை என்பது மட்டும் தெரிகிறது. ஓர் அத்தியாயத்துக்கு ஒரு காகிதம் போதும். இரண்டாவது காகிதத்தைக் கொண்டுவந்தால் முதலாவதை வாசகர் மறந்துவிடுவார்.

சைதாப்பேட்டையில் உட்கார்ந்துகொண்டு இதையெல்லாம் எழுதுகிறேன் என்றால், "அதெல்லாம் பம்பாய்ச் சமாச்சாரம் இல்லையா சார்?" என்று பஜார் ரோட்டில் காய்கறிப் பையோடு நிறுத்திக் கேட்கிறார்கள். சென்னைக்காரர் இப்படிக் கேட்பதுதான் வேடிக்கை. 1906 அக்டோபர் 22ஆம் தேதி, நம் பாரிமுனைப் பக்கத்தில், ஆர்பத்நாட் கம்பெனி என்ற வங்கி கதவை இழுத்துச் சாத்தியது. தென்னிந்தியா முழுக்க ஜமீன்தார் முதல் பென்ஷன்காரர் வரை அங்கேதான் பணம் போட்டிருந்தார்கள். கம்பெனியின் லண்டன் கூட்டாளியான மக்ஃபாதியன் சூதாட்ட வியாபாரத்தில் தோற்று, ரயிலின் முன் விழுந்து உயிரை விட்டார். சர் பட்டம் வாங்கிய ஜார்ஜ் ஆர்பத்நாட் கடைசியில் சிறைக்குப் போனார். அந்தக் காயத்தில் பிறந்ததுதான் 1907இல் தொடங்கிய இந்தியன் வங்கி. அதற்கு முன்நின்றவர் மயிலாப்பூர் வக்கீல் வி. கிருஷ்ணஸ்வாமி ஐயர்.

வில்லன் எப்படி இருக்க வேண்டும் என்பதை ஆர்பத்நாட்டிடம் கற்றுக்கொள்ளலாம். கறுப்புக் கண்ணாடி, சிகார், தீவில் பங்களா எதுவும் வேண்டாம். ஊரே எழுந்து நின்று வணங்குகிற ஆளாக இருக்கட்டும். அவரைச் சந்தேகிக்கிறவனைத்தான் ஊர் சந்தேகிக்க வேண்டும். லண்டன் செய்தி சென்னைக்கு வந்ததற்கும் கதவு சாத்தியதற்கும் நடுவில் யார் யார் உள்ளே போய்ப் பணத்தை எடுத்திருப்பார்கள்? வரலாற்றுப் புத்தகம் அந்த இடத்தைச் சீக்கிரம் கடந்துவிடும். நாவலாசிரியர் அங்கேதான் நாற்காலி போட்டு உட்கார வேண்டும்.

நம் ஊர் வாசகருக்கு இன்னொரு வசதி உண்டு. பணத்தைப் பறிகொடுத்த யாராவது ஒருவர் வீட்டிலேயே இருப்பார். 90களில் வட்டியை வாரி இறைத்த ஃபைனான்ஸ் கம்பெனிகள், தேக்கு மரம் வளர்த்துப் பணம் தருகிறேன் என்ற அனுபவ் பிளான்டேஷன்ஸ், அண்மையில் ஆருத்ரா. 1872இல் தொடங்கிய மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் ஃபண்ட் விவகாரத்தில் 2024 ஆகஸ்ட்டில் அதன் நிர்வாக இயக்குநர் கைதானார். டெபாசிட்தாரர்களைக் காக்க 1997இலேயே தமிழ்நாடு தனிச் சட்டம் போட்டுவிட்டது. அதனால் வட்டி என்ற ஒரு சொல்லுக்கே இங்கே படிப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

சரக்கு எங்கே கிடைக்கும் என்று கேட்பவர்களை நான் சைதாப்பேட்டை கோர்ட்டுக்குப் போகச் சொல்வேன். செக் ரிட்டர்ன் கேஸ்காரர்களைப் பாருங்கள். திரும்பி வந்த காசோலையையும் பாங்கு மெமோவையும் பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு, குழந்தையின் ஜாதகத்தைப்போல மார்போடு பிடித்துக்கொண்டு நிற்பார்கள். வாய்தா வாங்கி வாங்கிக் கவரின் ஓரமெல்லாம் கிழிந்திருக்கும். அந்தச் சட்டத்துக்குள்ளேயே ஒரு நாவலின் காலண்டர் இருக்கிறது: மெமோ வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும், நோட்டீஸ் கிடைத்தவருக்குப் பணம் கட்ட 15 நாள், கட்டாவிட்டால் ஒரு மாதத்துக்குள் வழக்குப் போட வேண்டும். வழக்குப் போட ஒரு நாள் பிந்தினால் தாமதத்துக்குக் காரணம் சொல்லி மாஜிஸ்திரேட்டிடம் மன்றாட வேண்டும். ஒரு கோடி ரூபாய்க் காசோலைக்கான நோட்டீஸைத் தபாலில் போட 29ஆம் நாள் ஓடுகிற ஜூனியர் வக்கீலை யோசித்துப் பாருங்கள். அன்றைக்கென்று மறைமலை அடிகள் பாலத்தில் டிராஃபிக் நகரவில்லை.

பங்குச் சந்தைகளைக் கண்காணிக்கும் செபியின் உத்தரவுகளையும் விடாமல் படியுங்கள். இலவசம். தேசியப் பங்குச் சந்தையின் முன்னாள் தலைவி சித்ரா ராமகிருஷ்ணா பற்றி 2022 பிப்ரவரியில் வந்த உத்தரவில், சந்தையின் உள்விவகாரங்களை அவர் இமயமலை யோகி ஒருவருக்கு மின்னஞ்சலில் எழுதியதாக இருக்கிறது. இதை நான் கற்பனையாக எழுதிக்கொண்டு போயிருந்தால், ஓவரா இருக்கு சார் என்று எடிட்டர் அடித்திருப்பார். நிஜம் எடிட்டரைக் கேட்டுக்கொண்டு நடப்பதில்லை. ஆனால் நடக்கிற வழக்கை அப்படியே தூக்கிப் போடாதீர்கள். பெயரை மாற்றினால் மட்டும் போதாது. ஊரை, கம்பெனியின் தொழிலை, பணம் போன வழியை மாற்றுங்கள். மனிதரின் பயத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே இருந்தவர்தான் எழுத முடியுமா என்றும் கேட்கிறார்கள். உதவும். பாசெலில் வங்கித் தலைவராக இருந்த பால் எர்ட்மன், கொக்கோ வியாபாரத்தில் வங்கி மூழ்கியபின் சிறைக்குள் இருந்தே நாவல் எழுதத் தொடங்கினார். அது 1973இல் வெளிவந்தது. வங்கி வேலை பார்த்தபடியே நம் ரவி சுப்ரமணியன் ஆங்கிலத்தில் எழுதினார். நமக்கு ஜெயிலெல்லாம் வேண்டாம். ஓய்வு பெற்ற ஹெட் கேஷியர் ஒருவரோடு காபி சாப்பிட்டாலே போதும். என்ன நடந்தது என்று நேரடியாகக் கேட்காதீர்கள், சொல்லமாட்டார். அந்த நாளில் பெட்டகச் சாவி யார் யாரிடம் இருக்கும் என்று கேளுங்கள். நிறுத்தவே மாட்டார்.

முடிவு பற்றி ஒன்று. கொலைக் கதையில் கொலைகாரன் பிடிபட்டால் புத்தகத்தை மூடிவிடுவார்கள். இங்கே கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டு, "சரி, பணம் வந்துச்சா?" என்பார்கள். ஹர்ஷத் மேத்தா 2001இலேயே இறந்துபோனார். அந்த விவகாரத்துக்காக அமைத்த தனி நீதிமன்றத்தில் சொத்து வழக்குகள் அதன்பிறகும் பல வருஷம் நடந்தன. ஆகவே முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்துக் கதையை முடிக்காதீர்கள், யாரும் நம்பமாட்டார்கள். ரூபாய்க்கு முப்பது பைசா வந்ததாக எழுதுங்கள். மீதி எழுபது பைசாவுக்கு இரண்டாம் பாகம் போடலாம் என்று பதிப்பாளரே போன் செய்வார்.