ஜாம்பவான் நினைவூட்டிய பலம்

ஸ்ரீமத் வால்மீகி ராமாயணத்துக் கிஷ்கிந்தா காண்டத்தின் இறுதி மூன்று சர்க்கங்கள் ஆஸ்திகர்கள் ஊன்றிக் கற்கத்தக்கவை. சுக்ரீவன் விதித்த ஒரு மாதத் தவணை கடந்துவிட்டது. நூறு யோஜனைக்கு அப்பால் இலங்கையில் பிராட்டி எழுந்தருளியிருப்பதைச் சம்பாதி உரைத்துவிட்டான். ஆயினும் கடலைத் தாண்டுவார் யார் என்று அறியாமல் வானர சேனை கரையில் கலங்கி நின்றது.

அவரவர் ஆற்றலை உரைக்குமாறு அங்கதன் பணித்தான். கஜன் 10 யோஜனை என்றான். கவாக்ஷன் 20 என்றான். இவ்வாறே ஏறிச் சென்று ஸுஷேணன் 80 என்றான். திரிவிக்ரமனாய் வளர்ந்த எம்பெருமானைத் தம் இளமையில் வலம் வந்த ஜாம்பவான், முதுமையினால் இப்போது 90 என்றார். அங்கதன் 100 யோஜனை செல்வது திண்ணம், மீள்வது ஐயம் என்றான். இவை கோழைமையால் வந்த சொற்கள் அல்ல. தம்மை அளந்தறிந்து கூறிய மெய்ம்மொழிகள். தன் எல்லையை உள்ளவாறு உரைப்பது குற்றமாகாது.

ஆனால் சிறிய திருவடி மட்டும் எந்த அளவும் கூறாமல் ஒதுங்கி அமர்ந்திருந்தார். இதன் காரணத்தை உத்தர காண்டம் விளக்குகின்றது. இளமைக் குறும்பினால் முனிவர்களின் வேள்விப் பொருள்களைச் சிதைத்த அவரை, தம் பலத்தைத் தாமே அறியாதிருக்குமாறு அவர்கள் சபித்தனர். பிறர் நினைவூட்டும்போது அது வளரும் என்பதும் அச்சாபத்தின் பகுதியே. ஆகவே பலம் குறையவில்லை. பலத்தைப் பற்றிய அறிவே மறைந்தது. ஒரு சொல் மறைத்தது; மற்றொரு சொல் திறந்தது.

ஜாம்பவான் வெற்றுப் புகழுரை கூறவில்லை. வாயு குமாரனாய்ப் பிறந்தமை, பாலப் பருவத்தில் சூரியனை நோக்கித் தாவியமை, வஜ்ராயுதத்தால் தாடை முறிந்தமை, தேவர்கள் வரமளித்தமை ஆகிய மெய்ச் செய்திகளையே எடுத்துரைத்தார். அது கேட்டுத் திருமேனி வளர்ந்தபின்னும் அநுமன் முதலில் செய்தது மூத்தோரை வணங்கியதே. பின்னர் அசோகவனத்தில், சுக்ரீவன் சேனையில் தம்மினும் தாழ்ந்தவர் எவரும் இல்லை என்று பிராட்டியிடம் விண்ணப்பித்தார். கடல் கடந்தவர் கூறிய இப்பணிவே நைச்சியம். செயலில் இறங்காமலே ‘என்னால் ஆகாது’ என்பது நைச்சியம் அன்று.

எல்லாம் எம்பெருமான் செயல் எனில் தன் பலத்தை நம்புவது தகுமோ என ஐயம் எழலாம். பகவத் ராமாநுஜர் ஸ்ரீபாஷ்யத்தில் இதனைத் தெளிவிக்கின்றார். ஜீவன் கர்த்தாவே, இல்லையேல் இதைச் செய், இதைச் செய்யாதே என்னும் சாஸ்திரம் பயனற்றதாகும். அக்கர்த்ருத்வமோ பரமாத்மாவுக்கு அதீனமானது. ஜீவன் செய்யும் முதல் முயற்சியை நோக்கி, அந்தர்யாமியாய் உள்ளிருக்கும் எம்பெருமான் அநுமதி தந்து நடத்துகின்றான். ஆகவே உள்ளிருக்கும் பலத்தை நம்புவது, அதனை அளித்தவனை நம்புவதேயாம். முயலாதிருப்பது சரணாகதி ஆகாது.

நம் காலத்திலும் இதற்குச் சான்று உண்டு. சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியில் பிறந்த மாரியப்பன் தங்கவேலு, ஐந்தாம் வயதில் பேருந்து விபத்தினால் வலது கால் ஊனமுற்றார். பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர் அவரை உயரம் தாண்டுதலில் ஊக்கினார். 2016இல் ரியோ பாராலிம்பிக் போட்டியில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். 2021இல் டோக்கியோவில் வெள்ளியும், 2024இல் பாரிஸில் வெண்கலமும் பெற்றார். ஜாம்பவானின் பணியை அங்கு ஓர் ஆசிரியர் செய்தார்.

மேற்கு மலையடிவாரத்துத் தொண்டாமுத்தூர் வட்டாரத்தில், வறண்ட நிலத்தையும் உழைப்பால் விளைத்த பெருங்குடியினர் வாழ்கின்றனர். அத்தகைய இல்லங்களிலும் ‘உனக்குப் படிப்பு ஏறாது’, ‘நமக்கு இது எட்டாது’ என்னும் சொற்கள் குழந்தைகளின் செவியில் விழுவதுண்டு. விளையாட்டாய்ச் சொன்னாலும் அவை சாபமாய்ப் பலிக்கக் கூடியவை. ஆகவே பெரியோர் குழந்தையின் குறையை எண்ணுவதை விடுத்து, அது முன்பு செய்து முடித்த நற்செயல் ஒன்றை எடுத்துக்காட்டி, அடுத்த அடி வைக்கச் செய்தல் வேண்டும். துணிந்து தாவுதல் திருவடியின் கடமை. தாவத் தூண்டுதல் ஜாம்பவானின் கடமை. இவ்விரண்டும் இல்லந்தோறும் நிகழ ஸ்ரீராமபிரான் திருவருள் புரிவானாக.

சுபம்.