தண்ணீருக்குள் விளக்கு வைக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

பங்குனித் தெப்பத்துக்காக நீயே செய்த விளக்குகள் மலைக்கோட்டைத் தெப்பக்குளத்துத் தண்ணீருக்குள் இரண்டு ராத்திரிகூடத் தாங்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். நடுமண்டபத்துக்குக் கீழிருந்து வெளிச்சம் கொடுக்க நினைத்தது அருமையான யோசனை. கண்ணைக் கூசாமல் தூண்கள் மட்டும் துலங்கும். அதைக் கைவிட்டுவிடாதே. பல்பு மட்டம் என்று கடைக்காரரிடம் சண்டைக்கும் போகாதே. செத்த விளக்கைப் பிரித்துப் பார்.

முதல் சந்தேகம் சூடு. எல்இடி சூடாகாது என்று பலர் நம்புகிறார்கள். உள்ளே போகும் மின்சாரத்தில் பாதிக்கு மேல் சூடாகத்தான் மாறுகிறது. நீயோ சிப்பைப் பிவிசி மூடிக்குள் ஒட்டி எபாக்சி ஊற்றியிருக்கிறாய். இரண்டுமே சூட்டை வெளியே விடாதவை. சுற்றிலும் குளிர்ந்த தண்ணீர் இருந்தும் சிப் உள்ளே வெந்துபோகிறது. சிப்பின் மேலுள்ள மஞ்சள் பூச்சு பழுப்பேறிக் கரும்புள்ளி விழுந்திருந்தால் இதுதான் காரணம். ஹீட் சிங்க் பேஸ்ட் தடவி, சிப்பை அலுமினியத் தகட்டில் திருகு. தகட்டின் முதுகு நேராகத் தண்ணீரைத் தொட வேண்டும். அப்படிச் செய்த விளக்கைக் கரையில் வைத்து நெடுநேரம் எரியவிடாதே; தண்ணீரை நம்பிப் பிறந்த விளக்கு அது. படிக்கட்டில் கட்டாமல் மிதவையில் தொங்கவிட்டால், நீர்மட்டம் இறங்கினாலும் மூழ்கியே இருக்கும்.

அடுத்தது ஈரம். கண்ணாடி ஓரத்தை நன்றாக அடைத்திருக்கிறாய், ஒயரை விட்டுவிட்டாய். எரியும்போது உள்ளே இருக்கும் காற்று சூடாகி விரிகிறது. அணைத்ததும் சுருங்கி, கிடைத்த வழியில் ஈரத்தை இழுக்கிறது. ஒயரின் இழைகளுக்கு நடுவே உள்ள இடுக்கே அதற்குப் போதும். உறையைச் சீவிப் பார். செம்பு பச்சை பூத்திருக்கும். உள்ளே நுழையும் இடத்தில் ஒரு விரற்கடை உறையை உரித்து, இழைகளுக்குள் ஈயம் ஊறும்படி பற்றவைத்து, அந்த இடத்தை எபாக்சியால் மூடு. புளித்த வாடை அடிக்கும் சிலிகான் வேண்டாம், அதிலிருந்து வரும் அமிலம் செம்பை அரிக்கும்.

கரண்ட் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 12 வோல்ட் பேட்டரி சார்ஜ் ஏறும்போது 14.4 வரை போகும். எல்இடிக்கு வோல்ட் கொஞ்சம் கூடினாலே கரண்ட் பல மடங்காகும். கரண்டைக் கட்டுப்படுத்தும் டிரைவர் இல்லாமல் இணைக்காதே. பாசி நீரில் வெளிச்சம் மங்குகிறது என்று கரண்டைக் கூட்டவும் கூடாது. விளக்கை மண்டபத்துக்கு அருகே நகர்த்து.

ஒன்றில் மட்டும் சமரசம் வேண்டாம். தெப்ப நாளில் குளத்துக்குள் ஆட்கள் இறங்குவார்கள். 230 வோல்ட் லைன் எதுவும் தண்ணீர்ப் பக்கம் வரக்கூடாது. பேட்டரி இல்லாவிட்டால் ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் வழியாக 12 வோல்ட் மட்டும் எடு. டிரான்ஸ்பார்மருக்கு வரும் லைனில், கரண்ட் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி போட்டு, ஒவ்வொரு மாலையும் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார். அது விழவில்லை என்றால் அன்றைக்கு விளக்கே போடாதே.

அன்புடன்,
உன் அண்ணன்