நட்சத்திரப் பழமும் சிறுநீரகமும்

கேள்வி: நீரிழிவுக்கு நல்லதெனக் காமரங்காச் சாற்றை நாள்தோறும் குடிக்கலாமா? (வாசகர், திருகோணமலை)

பதில்: கூடாது. காமரங்கா எனப்படும் நட்சத்திரப் பழத்தில் மிகுந்துள்ள ஒட்சாலிக் அமிலம், கல்சியத்துடன் சேர்ந்து கரையாத படிகங்களாகிச் சிறுநீரக நுண்குழாய்களை அடைத்து, சில நாள்களிலேயே சிறுநீரகச் செயலிழப்பை உண்டாக்கக்கூடும். வெறும் வயிற்றில் குடிப்போருக்கும், வெயிலில் வியர்த்து உடலில் நீர் குறைந்தோருக்கும் இந்த ஆபத்து கூடுதலாகும். இவ்வாறு பாதிக்கப்பட்ட இலங்கை நோயாளர் பற்றிய மருத்துவக் கட்டுரை 2018இல் வெளிவந்தது. இப்பழத்தின் இனமாகிய பிளிங்காயின் சாற்றைக் குடித்துப் பாதிப்புற்ற 10 கேரள நோயாளரின் நிலை 2013இலேயே பதிவாகியிருந்தது. சிறுநீரகம் ஏற்கெனவே பழுதுற்றோருக்கு ஒரு நட்சத்திரப் பழமே கேடாகலாம். ஏனெனில் அதிலுள்ள கரம்பொக்சின் என்னும் நரம்பு நச்சு சிறுநீருடன் வெளியேறாமல் தங்கி, ஓயாத விக்கலையும் மனக்குழப்பத்தையும் வலிப்பையும் தரும். அத்தகையோர் விக்கல் தொடங்கியவுடனே மருத்துவமனைக்குச் சென்று, பழம் உண்டதை மருத்துவரிடம் கட்டாயம் கூற வேண்டும்.