புளியமரமா, சாலையா?

கேள்வி: சாலையை அகலப்படுத்த எங்கள் பகுதியில் பழைய புளியமரங்களை வெட்டப் போகிறார்கள். ஒன்றுக்குப் பத்து கன்று நட்டால் போதாதா?
– ஒரு வாசகர், தருமபுரி மாவட்டம்

பதில்: போதாது. அரசு நிலத்து மரங்களை வெட்டுவது பற்றி முடிவெடுக்கத் தமிழக அரசு 2021-ல் பசுமைக் குழுக்களை அமைத்தது. மாவட்டக் குழுவுக்கு ஆட்சியரே தலைவர். ஒரு மரத்துக்குப் பத்து கன்று என்பது அக்குழுக்களுடன் வந்த விதிதான், நல்ல விதி. ஆனால் புளியங்கன்று காய்க்கவே பத்தாண்டு ஆகலாம். தருமபுரி வெயிலில் முதல் மூன்று கோடைக்குத் தண்ணீர் ஊற்ற ஆளில்லாவிட்டால் பத்தும் கருகும். நட்டதை எண்ணாமல், பிழைத்ததை எண்ண வேண்டும்.

மேற்கு வங்கத்தின் ஜெசோர் சாலை மரங்களை வெட்டுவது பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் அமைத்த நிபுணர் குழு, ஒரு மரத்தின் மதிப்பு ஆண்டுக்கு 74,500 ரூபாய் என்றது. இருந்தும் 2023-ல் வெட்ட அனுமதி கிடைத்தது.

கர்நாடகத்தில் கதை வேறு. மரம் வளர்ப்புக்குப் பேர்பெற்ற சாலுமரத திம்மக்கா ஹுளிகல் அருகே வளர்த்த ஆலமரங்களுக்கு 2019-ல் சாலை விரிவாக்கத்தால் ஆபத்து வந்தது. அவர் அப்போதைய முதல்வர் குமாரசாமியிடமே முறையிட்டார். மாற்றுவழி பார்க்க உத்தரவானது.

ஆகவே கோடரி வருமுன், வரைபட நிலையிலேயே ஆட்சியரிடம் மனு கொடுங்கள். மரவரிசையை நடுவில் விட்டு மறுபக்கம் புதுப்பாதை போட முடியுமா என்று கேளுங்கள்.